டவருக்குக் கேட்கவில்லையா? கமலாபுரத்தில் பறக்கப் பழகும் பிள்ளைகளுக்கு ரேடியோக் குறிப்புகள்

நான் விமானம் ஓட்டியவன் இல்லை. விமானத்தில் இருக்கும் ரேடியோப் பெட்டியைக் கழற்றி, பழுது பார்த்து, திரும்ப மாட்டிப் பிழைத்தவன். ஓய்வு பெற்றபின் சூரமங்கலத்தில் வீட்டு மாடியில், விமான ரேடியோவில் பேச உரிமம் தரும் ஆர்.டி.ஆர். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். சேலம் விமான நிலையம் இருக்கும் கமலாபுரத்தில் பறந்துவிட்டு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பிப்பார்கள்: "சார், இன்னைக்கு ரேடியோ சரியில்ல சார்." பெட்டி பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். பேசுவதற்கான பட்டனை அழுத்துவதற்கு முந்தைய நாலு விநாடியிலும், விட்ட பிறகான நாலு விநாடியிலும்தான் முக்கால்வாசிக் கோளாறு பிறக்கிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். பெட்டிக்குப் பிறகு வருவோம்.

அழுத்துவதற்கு முன்னால்

ஃப்ரீக்வென்சி மாற்றியவுடன் பேசாதீர்கள். இரண்டு மூச்சு விடும் நேரம் சும்மா கேளுங்கள். டவர் (விமான நிலையக் கட்டுப்பாட்டு அறை) யாரிடமோ கேள்வி கேட்டிருக்கலாம், பதில் வந்துகொண்டிருக்கலாம். நடுவில் நீங்கள் புகுந்தால் இரண்டு பேர் பேச்சும் கெடும்.

சொல்லப்போவதை முதலில் மனசுக்குள் சொல்லிப் பாருங்கள். யாரைக் கூப்பிடுகிறேன், நான் யார், எங்கே இருக்கிறேன், என்ன வேண்டும் என்ற நாலு மட்டும் போதும். நம் பிள்ளைகள் பலர் தமிழில் யோசித்து, அழுத்தியபடியே இங்கிலீஷுக்கு மாற்றுவார்கள். அந்த நேரம் முழுக்க "ஆ... ம்..." என்று ஓடும். நீங்கள் இழுக்கும் அந்த நேரத்தில் அந்த அலைவரிசையில் வேறு யாராலும் உருப்படியாகப் பேச முடியாது.

அழுத்தியதும் அரை விநாடி பொறுத்துப் பேசுங்கள். அழுத்தும்போதே பேசினால் முதல் அசை போய்விடும். 'விக்டர் டேங்கோ' என்பது 'டர் டேங்கோ' ஆகும். அதேபோல் கடைசி எழுத்து வாயிலிருந்து வெளியே வந்த பிறகுதான் விரலை எடுக்க வேண்டும். கால்சைனின் (விமானத்தின் அழைப்புப் பெயர்) கடைசி எழுத்தைத் தின்றுவிட்டால், கூப்பிட்டது யார் என்று டவர் திரும்பக் கேட்க வேண்டிவரும்.

மைக் உதட்டை ஒட்டினாற்போல் இருக்கட்டும், விரல் தடிமன் இடைவெளி போதும். அந்த மைக் பக்கத்துச் சத்தத்தை எடுத்து, தூரத்துச் சத்தத்தைத் தள்ளிவிடுவதற்கென்றே செய்தது. தாடைக்குக் கீழே இறக்கி வைத்தால் எஞ்சின்தான் பேசும், நீங்கள் பேச மாட்டீர்கள். கத்தவும் வேண்டாம். கத்தினால் குரல் உடையும்.

கீச்சென்று ஒரு சத்தம் வந்தால்

விமான ரேடியோ ஏ.எம். முறையில் வேலை செய்கிறது. எஃப்.எம். முறையில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் வலுவான குரல் பலவீனமானதை அமுக்கிவிடும், இன்னொருவர் பேசினார் என்பதே கேட்பவருக்குத் தெரியாது. ஏ.எம்.மில் இரண்டு அலைகளும் மோதி ஒரு கீச்சொலி உண்டாகும். காதுக்கு எரிச்சல்தான். ஆனாலும் "இங்கே இரண்டு பேர் பேசினார்கள்" என்ற தகவல் அதில் இருக்கிறது. இந்த முறையை இன்னும் வைத்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இதில் ஒரு விபரீதம் இருக்கிறது. பேசிக்கொண்டிருக்கும் இரண்டு பேருக்கும் அந்தக் கீச்சொலி கேட்காது. அழுத்தியிருக்கும் வரை உங்கள் ரேடியோ யாரையும் கேட்காது. சும்மா இருக்கும் மூன்றாவது ஆளுக்குத்தான் அது தெரியும். ஆகவே அந்த மூன்றாவது ஆள் நீங்களாக இருந்தால், அவர்கள் பட்டனை விட்டதும் "பிளாக்டு" என்று ஒரு சொல் சொல்லிவிடுங்கள். "நமக்கென்ன, நான் ஸ்டூடண்ட்தானே" என்று சும்மா இருக்கக் கூடாது.

1977 மார்ச் 27 அன்று டெனெரீஃப் தீவில் நடந்ததை வகுப்பில் ஒவ்வொரு முறையும் சொல்வேன். பனிமூட்டம். ஒரே ரன்வேயில் இரண்டு ஜம்போ விமானங்கள், ஒன்று கே.எல்.எம். நிறுவனத்துடையது, இன்னொன்று பான் ஆம். கே.எல்.எம். ஓடத் தொடங்கிவிட்டது. டவர் "ஓகே" என்று சொல்லி, சற்று நிறுத்தி, "டேக்-ஆஃபுக்குக் காத்திருங்கள், நான் கூப்பிடுகிறேன்" என்றது. அதே நொடியில் பான் ஆம் விமானி, தாங்கள் இன்னும் ரன்வேயில்தான் இருக்கிறோம் என்றார். இரண்டும் மோதி, கே.எல்.எம். விமானிகள் காதில் "ஓகே"க்குப் பிறகு விழுந்தது பெரும்பாலும் கீச்சொலிதான். 583 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் 'டேக்-ஆஃப்' என்ற சொல்லை, டேக்-ஆஃப் அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் தவிர, வேறு எங்கும் பயன்படுத்தக் கூடாது என்ற வழக்கம் இறுகியது. நீங்கள் ஹோல்டிங் பாயிண்டில் (ரன்வேக்கு வெளியே காத்து நிற்கும் இடம்) நிற்கும்போது "ரெடி ஃபார் டிபார்ச்சர்" என்று மட்டும் சொல்லுங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொன்று, ஒட்டிக்கொண்ட பட்டன். கிளிப்போர்டு ஸ்டியரிங்கில் சாய்ந்து பட்டனை அமுக்கிக்கொண்டிருக்கும், நீங்கள் பயிற்சியாளரிடம் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவது அத்தனை பேருக்கும் கேட்கும். அலைவரிசை வழக்கத்துக்கு மாறாக அமைதியாக இருந்தால் முதலில் உங்கள் ரேடியோ முகப்பைப் பாருங்கள். ஒலிபரப்பும்போது தெரியும் 'டி.எக்ஸ்' குறி எரிந்துகொண்டே இருந்தால் குற்றவாளி நீங்கள்தான். பட்டனைத் தட்டிப் பாருங்கள். விடவில்லை என்றால் மைக் பிளக்கைப் பிடுங்குங்கள், அதுவும் ஆகவில்லை என்றால் அந்த ரேடியோவை அணைத்துவிட்டு இரண்டாவதைப் போடுங்கள்.

"ராஜர் சார்" என்ற வியாதி

நம் ஊர்ப் பிள்ளைகளிடம் நான் அதிகம் போராடுவது இதோடுதான். டவர் என்ன சொன்னாலும் "ராஜர் சார்." ராஜர் என்றால் நீங்கள் சொன்னது முழுக்கக் காதில் விழுந்தது என்று மட்டும்தான் பொருள். என்ன விழுந்தது என்பது டவருக்கு எப்படித் தெரியும்?

உயரம், ஹெடிங் (மூக்கு நோக்கும் திசை), வேகம், ரன்வே எண், கியூ.என்.எச். (உயரமானியில் வைக்கும் காற்றழுத்த எண்), டிரான்ஸ்பாண்டர் (ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் கருவி) எண், புது ஃப்ரீக்வென்சி: இவற்றை வாங்கினால் எண்ணைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ரன்வேக்குள் நுழைவது, கடப்பது, அதன் மேல் திரும்பி ஓடுவது, வெளியே நிற்பது, ஏறுவது, இறங்குவது பற்றிய எல்லா அனுமதியையும் திருப்பிச் சொல்ல வேண்டும். கடைசியில் கால்சைன். காற்றின் திசையையும் வேகத்தையும் திருப்பிச் சொல்லத் தேவையில்லை, நேரம்தான் வீண்.

திருப்பிச் சொன்னபின் இன்னொரு வேலை இருக்கிறது. டவர் அதைத் திருத்துகிறதா என்று கேட்க வேண்டும். உங்களிடமிருந்து வருவதையும் அங்கே ஒரு மனிதர்தான் கேட்கிறார், அவரும் தவறவிடலாம். 1989 பிப்ரவரி 19 அன்று கோலாலம்பூருக்கு அருகே சுபாங்கில் இறங்க வந்த ஃப்ளையிங் டைகர் சரக்கு விமானத்துக்கு 2400 அடிக்கு இறங்கச் சொன்னார்கள். எண்களை ஒவ்வொன்றாக, "டூ ஃபோர் ஜீரோ ஜீரோ" என்று. விமானி காதில் இரண்டு என்ற அந்த 'டூ' (two), 'க்கு' என்ற பொருள் தரும் 'டு' (to) ஆக விழுந்தது. "ஓகே, ஃபோர் ஜீரோ ஜீரோ" என்று பதில் சொன்னார். அந்தத் தவறை டவர் பிடிக்கவில்லை. விமானம் 400 அடியைத் தேடி இறங்கி மலைச்சரிவில் மோதியது, நாலு பேர் போனார்கள்.

நமக்குப் பக்கத்திலேயே 5000 அடிக்கு மேல் சேர்வராயன் நிற்கிறது. ஆகவே கேட்ட உயரம் உங்கள் வரைபடத்தோடு பொருந்தவில்லை என்றால் திருப்பிக் கேளுங்கள். "கன்ஃபர்ம்" என்று கேட்டு எண்ணைச் சொல்லுங்கள். இங்கேதான் நம் மரியாதை குறுக்கே வருகிறது. பெரியவர் சொல்வதைத் திருப்பிக் கேட்டால் எதிர்த்துப் பேசுகிற மாதிரி என்று வளர்ந்திருக்கிறோம். டவரில் இருப்பவர் "சே அகெய்ன்" (திரும்பச் சொல்லுங்கள்) கேட்டதற்காகக் கோபப்பட மாட்டார். கோபப்பட்டாலும் படட்டுமே கண்ணு, அவர் கோபத்தில் மலை இல்லையே. செய்ய முடியாததைச் சொன்னால் "அனேபிள்" என்று சொல்லுங்கள். பதில் சொல்ல நேரம் வேண்டுமென்றால் "ஸ்டாண்ட்பை." இவற்றோடு 'சார்' ஒட்ட வேண்டிய அவசியமே இல்லை.

வணக்கம் சொல்லலாமா என்று கேட்பார்கள். காலையில் முதல் அழைப்பில், அலைவரிசை ஓய்ந்திருந்தால், ஒரு வணக்கத்தில் யாரும் குறைந்துபோக மாட்டார்கள். மூன்று பேர் சர்க்யூட்டில் (விமான நிலையத்தைச் சுற்றும் பாதை) சுற்றிக்கொண்டிருக்கும்போது வேண்டாம்.

இதே கூச்சத்தின் பெரிய உருவம் ஆபத்து நேரத்தில் வரும். 1990 ஜனவரி 25 இரவு நியூயார்க்கில் இறங்கக் காத்திருந்த அவியான்கா விமானத்தில் எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. தீர்கிறது என்று சொன்னார்கள், முன்னுரிமை கேட்டார்கள். 'மேடே' என்றோ 'எமர்ஜென்சி' என்றோ சொல்லவில்லை. விமானம் விழுந்து 73 பேர் இறந்தார்கள். உயிர்ப் பிரச்சினையா, மூன்று முறை "மேடே". அவசரம், ஆனால் உடனடி உயிராபத்து இல்லையா, மூன்று முறை "பான் பான்". சுற்றி வளைக்காதீர்கள்.

எண்ணும் காதும்: ஜங்ஷனில் ஒரு பயிற்சி

எண்ணைத் தனித்தனியாகச் சொல்வது தேர்டீன்–தேர்ட்டி குழப்பம் வராமல் இருக்கத்தான். மூன்றுக்கு 'ட்ரீ', ஐந்துக்கு 'ஃபைஃப்', ஒன்பதுக்கு 'நைனர்'. ட்ரீ நமக்குத் தானாக வரும். ஃபைஃப்தான் 'பைப்' ஆகிவிடுகிறது. கீழுதட்டை மேல்பல்லில் வைத்துக் கண்ணாடி முன் பழகுங்கள்.

கேட்கப் பழகுவதற்குச் செலவில்லாத இடம் சேலம் ஜங்ஷன். ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு பிளாட்பாரத்தில் உட்காருங்கள். டீ விற்கிறவர் குரல், டிராலிச் சத்தம், எஞ்சின் ஹாரன் எல்லாவற்றுக்கும் நடுவே அறிவிப்பு வரும். ரயில் எண், பிளாட்பாரம், தாமதம் ஆகிய மூன்றையும் ஒரே தடவையில் எழுதி, உடனே வாய்விட்டுத் திருப்பிச் சொல்லுங்கள். அடுத்த முறை அறிவிக்கும்போது சரிபாருங்கள். சென்னைக்குப் போகும் நீலகிரி 12672, சேரன் 12674. இரண்டும் ராத்திரி இந்த வழியாகத்தான் போகின்றன. வித்தியாசம் ஒரே ஒரு இலக்கம். ஒரே பயிற்சிப் பள்ளியின் விமானங்களின் கால்சைன்களும் இப்படித்தான் ஒன்றுபோல் இருக்கும். டவர் சுருக்கிக் கூப்பிடாதவரை நீங்களாகச் சுருக்காதீர்கள். பாதி காதில் விழுந்த அனுமதியை 'எனக்காகத்தான் இருக்கும்' என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது.

மலை மறைக்கும்போது

விமானப் பேச்சு 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையான அலைவரிசையில் நடக்கிறது. உங்கள் கார் எஃப்.எம். 108-இல் முடிகிறது, கிட்டத்தட்ட அண்டை வீடு. இரண்டும் நேர்கோட்டில்தான் போகும். நம்பிக்கை இல்லை என்றால் எஃப்.எம். போட்டுக்கொண்டு ஏற்காடு மலைப்பாதையில் ஏறுங்கள், ஓட்டுவதை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டு. இருபது கொண்டை ஊசி வளைவில் சிலவற்றில் பாட்டு தெளிவாகக் கேட்கும், அடுத்த வளைவில் பாறை நடுவில் வந்து இரைச்சலாகும்.

தட்டையான நிலத்தில் 1000 அடி உயரத்தில் இருந்தால் ஏறத்தாழ 70 கிலோமீட்டர், 3000 அடியில் 120 கிலோமீட்டர் தாண்டியும் கேட்கும். ஆனால் நீங்கள் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் தாழ்வாகப் பறந்துகொண்டு கமலாபுரத்தைக் கூப்பிட்டால் நடுவில் சேர்வராயன் மலைத்தொடர் முழுசாக நிற்கிறது. ரேடியோவைத் திட்டிப் பயனில்லை. மலையைச் சுற்றி வரும்வரை பொறுங்கள். அனுமதியும் வானிலையும் இடம் கொடுத்தால் உயரம் ஏறுங்கள். உயரத்தில் போகும் வேறு விமானம் காதில் விழுந்தால் "ரிலே" (உங்கள் செய்தியை டவருக்குக் கடத்தித் தருவது) கேளுங்கள், பெரிய விமானக்காரர்கள் மறுக்க மாட்டார்கள். மலைக்குப் பின்னால் போவதற்கு முன்னாலேயே டவரிடம் எத்தனை மணிக்குத் திரும்பக் கூப்பிடுவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது இன்னும் நல்லது.

நிஜமாகவே ஊமையானால்

முதலில் விமானத்தை ஓட்டுங்கள். ரேடியோவுக்குத் தலையைக் குனிந்து உயரத்தை விட்டவர்கள் உண்டு. இறக்கை நேராக இருக்கிறது, பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தொடுங்கள்.

வால்யூம். ஃப்ரீக்வென்சி. ஆடியோ பேனலில் எந்த ரேடியோ தேர்வாகியிருக்கிறது. பிறகு ஸ்குவெல்ச்சைத் (யாரும் பேசாதபோது இரைச்சலை அடக்கி வைப்பது) திறங்கள். "உஷ்ஷ்" என்ற இரைச்சல் வந்தால் ரிசீவரும் காதும் உயிரோடு இருக்கின்றன. அடுத்து ஹெட்செட் பிளக். மெலிந்தது மைக்குக்கு, தடித்தது காதுக்கு. மெலிந்தது நழுவியிருந்தால் நீங்கள் கேட்பீர்கள், உங்களை யாரும் கேட்க மாட்டார்கள். தடித்தது நழுவினால் தலைகீழ். நான் கைவைத்த புகார்களில் இந்த இரண்டு பிளக்குகளை அழுத்திச் சரியானவை ஏராளம். பயிற்சியாளர் பக்கத்துப் பட்டனையும், கை மைக் இருந்தால் அதையும் முயலுங்கள். இரண்டாவது ரேடியோ, அதன்பின் கடைசியாக நன்றாகக் கேட்ட பழைய ஃப்ரீக்வென்சி.

அம்மீட்டரைப் பாருங்கள். ஆல்டர்னேட்டர் செத்து பேட்டரியில் ஓடினால் முதலில் போவது பேசும் சக்திதான், கேட்பதைவிடப் பேசுவதற்கு மின்சாரம் மிக அதிகம் வேண்டும். தேவையில்லாததை அணைத்துவிட்டுச் சுருக்கமாகப் பேசுங்கள். துண்டித்த சர்க்யூட் பிரேக்கரை ஒரு தடவை அமுக்கலாம். மறுபடி தெறித்தால் விட்டுவிடுங்கள், புகையைப் பார்க்க ஆசைப்படாதீர்கள்.

எதுவும் ஆகவில்லை என்றால் டிரான்ஸ்பாண்டரில் 7600. குமிழைத் திருகும் பழைய மாடல் என்றால் 7500, 7700 வழியாகப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், முதலாவது கடத்தல், இரண்டாவது பொது ஆபத்து. ஆபத்து நேர அலைவரிசையான 121.5-இல் கூப்பிட்டுப் பாருங்கள். பதில் இல்லாவிட்டாலும் "டிரான்ஸ்மிட்டிங் பிளைண்ட்" என்று தொடங்கி, இருக்கும் இடத்தையும் செய்யப்போவதையும் இரண்டு முறை சொல்லுங்கள். உங்கள் காதுதான் செத்திருக்கலாம், வாய் உயிரோடு இருக்கலாம். வாய் செத்துக் காது இருந்தால் டவர் "கேட்டால் ஐடென்ட் (டிரான்ஸ்பாண்டரில் இருக்கும் பட்டன்) அழுத்து" என்றோ, இறக்கையை ஆட்டு என்றோ சொல்லும். செய்யுங்கள்.

கண்ணுக்குத் தெரியும் வானிலையிலேயே இருந்து, பக்கத்தில் பொருத்தமான விமான நிலையத்தில் இறங்கி, இறங்கியதும் டவருக்குப் போன் செய்யுங்கள். எண்ணை முழங்கால் பலகையில் எழுதி வையுங்கள். மேகத்துக்குள் பறப்பவர்களுக்கு விதிகள் வேறு. அது உங்களுக்கு இப்போது வேண்டாம்.

சர்க்யூட்டுக்குள் வரும்போது லேண்டிங் லைட்டைப் போட்டுக்கொண்டு டவர் கண்ணாடியைப் பாருங்கள். நிலைத்த பச்சை: இறங்கலாம். நிலைத்த சிவப்பு: மற்றவருக்கு வழிவிட்டுச் சுற்றிக்கொண்டிரு. விட்டுவிட்டு எரியும் பச்சை: இறங்குவதற்காகத் திரும்பி வா. விட்டுவிட்டு எரியும் சிவப்பு: இங்கே ஆபத்து, இறங்காதே. விட்டுவிட்டு எரியும் வெள்ளை: இங்கே இறங்கி ஏப்ரனுக்கு (விமானங்கள் நிற்கும் தளம்) போ, ஆனால் இறங்கவும் ஓடவும் பச்சை தனியாக வரும். தரையில் இருந்தால் இதே விளக்குகளுக்கு வேறு பொருள்: நிலைத்த பச்சை டேக்-ஆஃபுக்கு, விட்ட பச்சை டாக்ஸிக்கு (தரையில் நகர்வதற்கு), நிலைத்த சிவப்பு நில், விட்ட சிவப்பு ரன்வேயை விட்டு விலகு, விட்ட வெள்ளை புறப்பட்ட இடத்துக்கே திரும்பு. பறக்கும்போது பகலில் இறக்கையை ஆட்டியும், இருட்டில் விளக்கை இரண்டு தடவை மினுக்கியும் புரிந்ததைச் சொல்லுங்கள்.

மெக்கானிக்குக்கு எழுதும்போது

இது என் சொந்த வேண்டுகோள். டெக் லாகில் (விமானக் கோளாறுகளை எழுதும் பதிவேடு) "ரேடியோ சரியில்லை" என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். தரையில் அவர் போட்டுப் பார்ப்பார், நன்றாக வேலை செய்யும், "கோளாறு இல்லை" என்று எழுதி மூடுவார். மறுநாள் அதே கதை.

எந்த ரேடியோ, எந்த ஃப்ரீக்வென்சி. கேட்கவில்லையா, உங்களைக் கேட்கவில்லையா. உயரம், தூரம், எந்தப் பக்கம் திரும்பியபோது. இடதுபக்கம் சாய்ந்தால் மட்டும் மங்குகிறது என்று எழுதினால் அவர் கை நேராக ஆன்டெனாவுக்குப் போகும். எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஊளைச் சத்தம் என்றால் ஆல்டர்னேட்டர் பக்கம். இறக்கை விளக்கு மின்னும் தாளத்தில் "டிக் டிக்" என்றால் அந்த விளக்கின் மின்பெட்டி. பிளக்கை ஆட்டினால் கரகரத்தது என்றால் ஜாக். திடீர் திடீரென்று ஒரு பரபரப்பான பர்ர்ர் வந்து நின்றால், எழுதுவதற்கு முன்னால் உங்கள் சட்டைப் பையில் செல்போன் இருந்ததா என்று பாருங்கள்.